ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஒரு கத்தி: டர்பனில் மாணவர் திரில்லருக்கு ப்ராப் தேடுவதும் செய்வதும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம் ஜனங்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரு வீட்டு ஃப்ரீஸரைத் திறந்து பாருங்கள். இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா நாலைந்து அடுக்கியிருக்கும். உள்ளே ஐஸ்கிரீம் இருக்காது. அரைத்த இஞ்சி பூண்டு, உரித்த பட்டாணி, ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய கறி, இப்படி ஏதாவது இருக்கும். திரில்லர் எடுக்கிற மாணவருக்கு இதைவிட நல்ல ஒளிவிடம் கிடையாது. ஆயா மூடியைத் திறக்கிறார், பட்டாணிக்கு நடுவே கத்தி. பார்க்கிறவர் ‘நம்ம வீட்டு டப்பா மாதிரியே இருக்கே’ என்று நினைத்த மறுநொடி அவருக்கு வயிறு கலங்கும். தோலுறை போட்ட வேட்டைக் கத்தியை ஆன்லைனில் வாங்கி மேஜைமேல் வைத்தால் அந்தக் கலக்கம் வராது. அது எங்கோ வேறு ஊர்ப் படத்திலிருந்து இறங்கி வந்த பொருளாகத்தான் தெரியும்.

ஆகவே ப்ராப், அதாவது நடிகர் கையாளும் பொருள், தேர்வில் முதல் கேள்வி ‘இது எவ்வளவு பயங்கரமாக இருக்கிறது’ என்பது அல்ல. ‘இது யார் வீட்டுப் பொருள்’ என்பதுதான். அந்த வீட்டில், அந்த அலமாரியில், அந்த ஆள் கையில் இருக்கக்கூடிய பொருள்தானா? ஆம் என்றால் பாதி வேலை முடிந்தது, பெரும்பாலும் செலவும் இல்லை. இரண்டாவது கேள்வி, கேமரா அதன் அருகே எவ்வளவு தூரம் போகப்போகிறது என்பது. எதற்குப் பணம் போடுவது, எதை இரவல் வாங்குவது என்பதை அதுதான் முடிவு செய்யும்.

திரைக்கதையைப் பென்சிலோடு படியுங்கள். யாராவது தொடுகிற, எடுக்கிற, மறைக்கிற, உடைக்கிற பொருளுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். சுவரில் தொங்குவதும் ஷெல்ஃபில் கிடப்பதும் செட் அலங்காரம். கை படுவதுதான் ப்ராப். பத்து நிமிடப் படத்தில் இருபது, இருபத்தைந்து தேறும். அவற்றில் கேமரா மிக அருகே போய்ப் பார்ப்பது இரண்டோ மூன்றோதான். அவற்றுக்குத்தான் ஹீரோ ப்ராப் என்று பெயர். கையில் 1500 ராண்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 800ஐ ஹீரோ ப்ராப்களுக்கும் அவற்றின் நகல்களுக்கும் ஒதுக்குங்கள். 400 ராண்ட் ரத்தம், பெயின்ட், பசை, டேப்புக்கு. மீதி 300ஐத் தொடவே கூடாது. படப்பிடிப்பு நாளில் ஏதாவது ஒன்று உடையும், தொலையும், இல்லை என்றால் மழையில் நனையும். அப்போதைக்கு அந்தப் பணம்.

வாங்கப் போகுமுன் மூன்று வீடுகளின் கராஜைப் பாருங்கள். பழைய டார்ச், ரேடியோ, தகரப் பெட்டி, தையல் மெஷின், தாத்தாவின் கைக்கடிகாரம் எல்லாம் அங்கேயே கிடைக்கும். லோட் ஷெடிங் என்ற மின்வெட்டு வாட்டிய வருஷங்களில் வாங்கிய சார்ஜ் விளக்குகள் எல்லா வீட்டிலும் உண்டு. இருட்டுக் காட்சிக்கு அவை ப்ராப்பும் ஆகும், லைட்டும் ஆகும். வீட்டில் இல்லாததற்கு பழைய பொருளைத் தர்மத்துக்காக விற்கும் ஹாஸ்பிஸ் கடைகளும் மற்ற தர்மக் கடைகளும் இருக்கின்றன. பழைய செல்போன், கேமரா போன்றவற்றுக்கு செகண்ட் ஹேண்ட் கடைகள். பித்தளைச் சாமானுக்கு விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட். துணிக்கு இன்னும் எல்லோரும் கிரே ஸ்ட்ரீட் என்றே சொல்கிற டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட். பசை, நுரை ஷீட், மலிவான பிளாஸ்டிக் சாமான் எல்லாம் சைனா மாலில் ஒரே நடையில் முடியும். உடை மட்டும் எப்போதும் மூன்று வாங்க வேண்டும், அதுவும் ஒரே அளவு, ஒரே நிறம். ரத்தக்கறை படும் சட்டை ஒன்றே ஒன்று இருந்தால் இரண்டாவது டேக் கிடையாது.

சாவிக்கொத்து

இந்த ஊர்த் திரில்லருக்கென்றே அமைந்த ப்ராப் சாவிக்கொத்து. வீட்டு வாசலில் இரும்பு கேட், ஜன்னலில் கம்பி, படுக்கையறைக்குப் போகும் வழியில் இன்னொரு கேட். ஒருவர் வீட்டுக்குள் வந்து சேர நாலு பூட்டைத் திறக்க வேண்டும். பின்னால் யாரோ வருகிறார்கள் என்றால் அந்த நாலு பூட்டும் நாலு நிமிடமாக நீளும். இதற்குக் கொத்தில் ஏழெட்டு சாவி வேண்டும், இரண்டு வகை கலந்திருக்க வேண்டும். ஒன்று, கேட்டுக்கும் பழைய கதவுக்கும் போடும் நீளத் தண்டுச் சாவி. மற்றது, தட்டையான சிறு பல் சாவி. எல்லாம் ஒரே வகையாக, புதுப் பளபளப்போடு இருந்தால் கடையிலிருந்து நேரே வந்தது தெரிந்துவிடும். ஒரு சாவியின் தலையில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வையுங்கள். சரியான சாவி எது என்று பார்ப்பவருக்கும் தெரிந்துவிடும், பாத்திரம் தப்பான சாவியை நுழைக்கும்போது அவர் பதறுவார்.

சாவிக்கொத்தில் வரும் சங்கடம் சத்தம். வசனத்துக்கு மேலே அது கலகலக்கும், எடிட்டில் பிரித்தெடுக்க முடியாது. வசனம் உள்ள ஷாட்டில் ஒவ்வொரு சாவிக்கும் இடையே பட்டாணி அளவு பிரெஸ்டிக் (களிமண்போல் பிசையும் ஒட்டுப்பசை) வைத்து அழுத்திவிடுங்கள். கொத்து அசையும், ஒலிக்காது. வசனம் இல்லாத ஷாட்டில் பிரெஸ்டிக்கை எடுத்துவிட்டு, மைக்கை ஒரு சாண் தூரத்தில் பிடித்து, அதே கொத்தின் சத்தத்தைத் தனியாக ஐந்து விதமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்: எடுப்பது, தேடுவது, நுழைப்பது, திருப்புவது, கீழே விழுவது.

கத்தி: ஒன்று இரும்பில், ஒன்று நுரையில்

சமையலறைக் கத்தி, கறுப்புப் பிளாஸ்டிக் பிடி, மூன்று ஆணித் தலை. எல்லா வீட்டிலும் இருக்கும் சாதாரணக் கத்தி போதும். அதையே இரண்டு வாங்குங்கள். அரத்தால் இரண்டின் விளிம்பையும் நுனியையும் மழுங்க ராவிவிட வேண்டும். உள்ளங்கையில் அழுத்தி இழுத்தாலும் கோடு விழாத அளவுக்கு மழுக்கினால்தான் அது ப்ராப். இந்த மழுங்கிய இரும்புக் கத்தி, வேறு யாரும் அருகில் இல்லாத ஷாட்டுக்கு மட்டும்: மேஜைமேல் கிடப்பது, தண்ணீரில் கழுவப்படுவது, டப்பாவுக்குள் இருப்பது. இரண்டு பேர் ஒரே ஃப்ரேமில் இருந்தால் இரும்பு வெளியே போய் நுரைக் கத்தி உள்ளே வர வேண்டும். இந்த விதிக்கு விலக்கே கிடையாது.

நுரைக் கத்திக்கு 2 மி.மீ. ஈவிஏ நுரை ஷீட், ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி, கான்டாக்ட் பசை, பிவிஏ என்ற வெள்ளைப் பசை, கறுப்பும் வெள்ளியும் அக்ரிலிக் பெயின்ட், 6பி பென்சில் ஒன்று. இரும்புக் கத்தியைத் தாளில் வைத்து வரைந்து, அந்த வடிவில் ஈவிஏ இரண்டு துண்டு வெட்டுங்கள். மூடியிலிருந்து ஒரு விரல் அகலப் பட்டை வெட்டி, பிடியிலிருந்து அலகின் முக்கால் பங்கு வரைக்கும் நடுவில் வையுங்கள். நுனியில் கடைசி ஐந்து சென்டிமீட்டர் வெறும் நுரையாகவே இருக்கட்டும். கம்பி, ஈர்க்குச்சி, கபாப் குச்சி எதையும் உள்ளே வைக்காதீர்கள். நுரை கிழிந்த அன்று அதுதான் கண்ணில் குத்தும்.

கான்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வரும்வரை, சுமார் பத்து நிமிடம், காத்திருந்து ஒட்ட வேண்டும். ஈரமாக ஒட்டினால் இரண்டு துண்டும் வழுக்கிக் கோணலாகும், நடுவே குமிழ் நிற்கும். ஒட்டியபின் கூரான பிளேடால் விளிம்பைச் சரிவாகச் சீவி, 240 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். அடுத்து மூடுபூச்சு. ஈவிஏ என்பது துளைகள் நிறைந்த நுரை. நேரே பெயின்ட் அடித்தால் குடித்துவிட்டு மங்கலாகத் தெரியும். பிவிஏவும் தண்ணீரும் சம அளவு கலந்து நாலு பூச்சு கொடுங்கள். ஜனவரி, பிப்ரவரி புழுக்கத்தில் ஒவ்வொரு பூச்சும் காய ஒரு மணி நேரம்கூட ஆகும். அவசரப்பட்டு மேலே பூசினால் அடியில் வெள்ளையாகத் தங்கும். கடைசிப் பூச்சை ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

முதலில் கறுப்பு. அது காய்ந்ததும் வெள்ளிப் பெயின்ட்டைக் காய்ந்த தூரிகையில் மிகக் கொஞ்சமாகத் தொட்டு, அலகின் நீளவாக்கில் மட்டும் இழுக்க வேண்டும். இப்போது அது வெள்ளி பூசிய பொம்மைபோல்தான் இருக்கும், மனம் தளர வேண்டாம். 6பி பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தூளாக்கி, அந்தத் தூளை விரல்நுனியில் எடுத்து அலகில் தேயுங்கள். பிடியிலிருந்து நுனிக்கு, ஒரே திசையில். இருபது முப்பது தேய்ப்பில் பெயின்ட்டின் தூள்தன்மை போய், எஃகின் குளிர்ந்த சாம்பல் மினுமினுப்பு வரும். விளிம்பில் மட்டும் தூள் படாமல் விட்டால் தீட்டிய கத்திபோல் வெள்ளைக் கோடு நிற்கும். மேலே வார்னிஷ் அடித்தால் இந்த மினுமினுப்பு செத்துவிடும். வார்னிஷ் வேண்டவே வேண்டாம். கையில் தூள் ஒட்டினால் ஒவ்வொரு டேக்குக்கும் முன் மறுபடி ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான்.

இது எங்கே காட்டிக்கொடுக்கும்? வேகமாக வீசும்போது நுனி துள்ளும். அந்த ஷாட்டில் கையை வீசாமல் உடலைத் திருப்பச் சொல்லுங்கள். அலகை வளைத்தால் பிவிஏ பூச்சு விண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள் தெரியும். பென்சில் தூளால் மறைக்கலாம், ஆனாலும் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து எடுத்துப் போவது நல்லது. குத்துகிற ஷாட்டை முன்னோக்கி எடுக்காதீர்கள். கத்தியை உடம்பில் மெல்லத் தொட்டு வைத்துப் பின்னால் இழுப்பதை எடுத்து, எடிட்டில் தலைகீழாக ஓட்டுங்கள். வேகமும் வரும், ஆபத்தும் இல்லை. உள்ளே போய் வரும் ஸ்பிரிங் பொம்மைக் கத்தியை நம்பக் கூடாது. ஸ்பிரிங் ஒரு முறை சிக்கினால் அது கூரான பிளாஸ்டிக் குச்சி.

ரத்தம்

நம் முன்னோரை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தது கரும்பு. அந்தக் கரும்பில் வடித்த கோல்டன் சிரப் டர்பன் இருக்கும் நட்டாலில் எந்தக் கடையிலும் கிடைக்கும். சினிமா ரத்தத்துக்கு அதுவே அடிப்படை. அளவு இது: கோல்டன் சிரப் 250 மி.லி., வெதுவெதுப்பான தண்ணீர் 60 மி.லி., சிவப்பு ஃபுட் கலர் 2 டீஸ்பூன், நீலம் 3 சொட்டு, கோகோ பவுடர் 1 டீஸ்பூன், மைசீனா (சோளமாவு) 1 டீஸ்பூன். கோகோவையும் மைசீனாவையும் முதலில் அந்தத் தண்ணீரில் கரைத்துவிட்டுத்தான் சிரப்பில் ஊற்ற வேண்டும். நேரே போட்டால் கட்டி கட்டியாக மிதக்கும், க்ளோசப்பில் அந்தக் கட்டி ஒவ்வொன்றும் தெரியும்.

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. சிரப் மஞ்சள் நிறம், சிவப்பை அது ஆரஞ்சுப் பக்கம் இழுக்கும். நீலச் சொட்டு அதைத் திருப்பிக் கொண்டுவரும். நீலம் கூடினால் ஊதாவாகிவிடும், அதனால் சொட்டுச் சொட்டாகவே விடுங்கள். கோகோ இல்லாவிட்டால் ரத்தம் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும், ராஸ்பெரி கூல்டிரிங்க் சிந்தினது மாதிரி இருக்கும். பிரியாணிக்குப் போடும் எக் யெல்லோ என்ற மஞ்சள் கலர் பவுடர் கையருகே இருக்கிறதே என்று கலந்துவிடாதீர்கள், மொத்தமும் வீணாகும். மசாலாக் கடையில் இனிப்புக்கு விற்கும் சிவப்பு பவுடர் திரவக் கலரைவிட மிகக் காட்டமானது. அதைப் பயன்படுத்தினால் கால் டீஸ்பூனில் தொடங்குங்கள்.

கலந்ததைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வெள்ளைத் தட்டில் ஊற்றி, படம் எடுக்கப்போகும் அதே லைட்டில், அதே ஒயிட் பேலன்ஸில் கேமராவில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் சரியாக இருப்பது பகல் வெளிச்சத்தில் ஜாம்போல் இருக்கும். காய்ந்த ரத்தத்துக்கு கோகோவைக் கூட்டி, பிவிஏ கொஞ்சம் சேர்த்துத் தூரிகையால் தடவுங்கள். அது வேறு பாட்டில், மேலே ‘வாயில் படக் கூடாது’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சட்டையிலிருந்து சுலபமாகப் போக வேண்டும் என்று பாத்திரம் கழுவும் லிக்விட் சேர்க்கும் கலவைக்கும் இதே விதி. வாயோரம் வழியும் ரத்தத்தில் சாப்பிடக்கூடிய பொருள் தவிர எதுவும் இருக்கக் கூடாது.

கறைதான் பெரிய தலைவலி. தோலில் பூசுமுன் வாஸலின் மெல்லியதாகத் தடவினால் நிறம் பிடிக்காது. பிடித்துவிட்டால் ஷேவிங் ஃபோம் தடவித் துடைத்தால் பெருமளவு போகும். சட்டையை உடனே பச்சைத் தண்ணீரில் ஊறப் போடுங்கள். வெந்நீர் கறையை நிலைக்க வைத்துவிடும். டைல் தரையில் டைலுக்கு நடுவே உள்ள சிமென்ட் கோடு நிரந்தரமாகச் சிவந்துவிடும். வீட்டைக் கொடுத்தவர் அடுத்த முறை கொடுக்க மாட்டார். தரையில் முதலில் தெளிவான பிளாஸ்டிக் ஷீட் விரியுங்கள். இன்னொன்று எறும்பு. சிரப் சிந்திய பத்து நிமிடத்தில் வரிசை கட்டி வரும், பிணமாகப் படுத்திருக்கும் நடிகர் பாவம் அசையவும் முடியாது. டேக் முடிந்ததும் வெதுவெதுப்பான ஈரத் துணியால் துடைத்தே ஆக வேண்டும்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். காய்ந்த ரத்தத்துக்குக் குங்குமத்தைப் பயன்படுத்தாதீர்கள். நம் வீட்டுத் தரையிலோ வாசலிலோ சிவப்புத் தூள் தெரிந்தால் நம் ஜனங்கள் முதலில் பூஜை என்றுதான் நினைப்பார்கள், ரத்தம் என்று நினைக்க மாட்டார்கள். அந்தக் குழப்பம் கதைக்கே வேண்டுமென்றால் வேறு விஷயம். அது நல்ல திருப்பமாகக்கூட ஆகலாம்.

உடையும் கண்ணாடி

சர்க்கரைக் கண்ணாடி: சர்க்கரை 2 கப், தண்ணீர் 1 கப், லிக்விட் குளுக்கோஸ் அரை கப், க்ரீம் ஆஃப் டார்டார் கால் டீஸ்பூன். கனமான பாத்திரத்தில் கரைத்து, கரைந்தபின் கிளறாமல் 150 டிகிரி செல்சியஸ் வரும்வரை காய்ச்ச வேண்டும். மிட்டாய் தெர்மாமீட்டர் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். 145க்குக் கீழே எடுத்தால் ரப்பர்போல் வளையும், 160ஐத் தாண்டினால் மஞ்சளாகிக் கருகும். அடுப்பிலிருந்து இறக்கி, குமிழ் அடங்கியதும், எண்ணெய் தடவிய வெதுவெதுப்பான உலோகத் தட்டில் 3 மி.மீ. உயரத்துக்கு ஊற்றுங்கள். குளிர்ந்த தட்டில் ஊற்றினால் ஆறும்போதே விரிசல் விடும். கேஸ் அடுப்பு நல்லது. பாகு பதத்துக்கு வரும் நேரத்தில் மின்சாரம் போனால் அந்தப் பாகு அதோடு போயிற்று. 150 டிகிரிப் பாகு தோலில் ஒட்டினால் ஒட்டினதுதான். முழுக்கை சட்டை, மூடிய செருப்பு, பக்கத்திலேயே ஒரு வாளி தண்ணீர்.

டர்பனில் இதற்கு எதிரி காற்றின் ஈரம். சர்க்கரை ஈரத்தை உறிஞ்சும். காலையில் தெளிவாக இருந்த தகடு மதியத்துக்குள் பிசுபிசுத்து மங்கிவிடும். எடுக்கிற அன்றே காய்ச்சுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, கேமரா தயாரான பின்தான் திறக்க வேண்டும். கேக் அலங்காரக் கடையில் ஐசோமால்ட் கிடைத்தால் அதை வாங்குங்கள். ஈரம் குறைவாக உறிஞ்சும், மஞ்சளும் ஆகாது, விலைதான் கூடுதல். எதில் செய்தாலும் உடைந்த சில்லு கூர்மையாகத்தான் இருக்கும். யார் தலையிலும் உடைக்க வேண்டாம். சுவரில் எறியுங்கள், தரையில் போடுங்கள், உடைகிற சத்தத்தைத் தனியாகச் சேருங்கள்.

தாள், போன், பணம்

குடும்ப ரகசியம் வைத்துப் பின்னப்பட்ட கதை என்றால் பழைய தாள் வரும். அதிலும் கிர்மிட்டியர், அதாவது கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள், காலத்துத் தாள் என்றால் நம் ஊர்க்காரருக்கு மேலும் கனம். 1860 நவம்பர் 16இல் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் வந்தது முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்திறங்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம் என்று கப்பல் பதிவில் உண்டு. இந்தப் பத்திகளை வைத்துத் தாள் தயாரித்தால் உண்மைபோல் இருக்கும். எண்ணை மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் வையுங்கள். உண்மை எண்கள் அவ்வளவு தூரம் போகவில்லை, அதனால் யாருடைய பாட்டனாரும் நம் கொலைக் கதைக்குள் வந்துவிட மாட்டார்.

தாளைப் பழசாக்க, அரை லிட்டர் கொதிநீரில் நாலு டீ பை, பத்து நிமிடம். சாதாரண டீ பழுப்பு நிறம் தரும். ரூய்போஸ் என்ற இந்த நாட்டு மூலிகை டீ சிவந்த நிறம் தரும், துருப்பிடித்த பெட்டியில் கிடந்த தாளுக்கு அது நன்றாகப் பொருந்தும். தாளைத் தட்டில் வைத்து ஊற்றி இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடியில் காய வைத்து, மேலே துணி போட்டு இஸ்திரி போடுங்கள். வரிசை முக்கியம். இங்க்ஜெட்டில் அச்சடித்ததை நனைத்தால் மை ஓடிவிடும். முதலில் சாயம், பிறகு அச்சு. லேசர் அச்சு என்றால் எந்த வரிசையிலும் செய்யலாம். மடிப்பு வரியை நகத்தால் பலமுறை அழுத்தி, அந்த வரியில் மட்டும் இன்னும் கொஞ்சம் டீ தடவுங்கள். பழைய தாள் முதலில் அழுக்காவது மடிப்பில்தான்.

போனில் மெசேஜ் வரும் ஷாட்டை நேரலையாக எடுக்க முயலாதீர்கள். முழுத்திரைப் படமாகத் தயாரித்து, ஏர்பிளேன் மோடில் போட்டு, வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். எண்ணைக் காட்டாமல் பெயரை மட்டும் காட்டுங்கள். இந்த நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃப்ரேமில், 1/50 நொடி ஷட்டரில் எடுத்தால் வீட்டு விளக்குகள் துடிக்காது. டிவியும் லேப்டாப்பும் அப்போதும் துடிக்கலாம், முன்கூட்டியே சோதியுங்கள். உடைந்த போன் வேண்டுமென்றால் போனை உடைக்க வேண்டாம். டெம்பர்ட் கிளாஸ் ப்ரொடெக்டர் ஒன்றை, அடியிலுள்ள ஃபிலிமை உரிக்காமல், துணிமேல் வைத்து ஸ்பூன் முனையால் ஓரத்தில் தட்டுங்கள். விரிசல் பரவியதும் ஃபிலிமை உரித்துப் போனில் ஒட்டி, மேலே தெளிவான டேப் ஒன்று ஒட்டினால் நடிகரின் கட்டைவிரல் தப்பும்.

ராண்ட் நோட்டை ஜெராக்ஸ் எடுக்காதீர்கள், கலர் பிரின்ட் போடாதீர்கள். கள்ளநோட்டுச் சட்டம் படம் என்று பார்க்காது. நூறு ராண்ட் நோட்டின் அளவு 146க்கு 70 மி.மீ. அந்த அளவில் வெளிர்நீலத் தாளை வெட்டி அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு, மேலும் கீழும் மட்டும் உண்மை நோட்டு ஒவ்வொன்று. கட்டின் ஓரம் தெரியும் கோணத்தில் எடுங்கள், எண்ணுகிற ஷாட் வேண்டாம். அந்த இரண்டு நோட்டுக்கும் ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும்.

துப்பாக்கி

முடிந்தால் துப்பாக்கி இல்லாமல் எழுதுங்கள். இதைச் சோம்பலால் சொல்லவில்லை. 2021 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில், ஒத்திகையின்போது ப்ராப் துப்பாக்கியில் உண்மைக் குண்டு இருந்ததால் ஒளிப்பதிவாளர் ஹாலினா ஹட்சின்ஸ் இறந்தார். பணமும் பயிற்சி பெற்ற ஆட்களும் இருந்த படப்பிடிப்பு அது. இங்கே 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தகுந்த காரணமின்றித் துப்பாக்கிபோல் தெரியும் எதையும் ஒருவர்மேல் நீட்டுவதே குற்றம். சட்டத்தைவிடப் பெரியது தெரு. 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸ் தெருக்களில் பலர் கொல்லப்பட்டதை யாரும் மறக்கவில்லை. ஒருவர் கையில் கறுப்பாக ஏதோ தெரிந்தால் ஜன்னலில் பார்ப்பவர் கேமராவைத் தேட மாட்டார். ஆர்ம்ட் ரெஸ்பான்ஸ் என்ற ஆயுதமேந்திய தனியார் செக்யூரிட்டி வண்டி நாலு நிமிடத்தில் வந்து நிற்கும், அவர்கள் கையில் இருப்பது ப்ராப் அல்ல.

கதைக்குக் கட்டாயம் வேண்டுமென்றால் வீட்டுக்குள், திரை இழுத்து, மரத்திலோ ரப்பரிலோ செய்த, எந்தப் பாகமும் அசையாத பொம்மை. ஷாட் முடிந்ததும் பூட்டிய பெட்டிக்குள். வெளியே எடுப்பதாக இருந்தால் மாநகராட்சியின் டர்பன் ஃபிலிம் ஆபீஸில் அனுமதி கேளுங்கள், அந்த வட்டாரப் போலீஸ் நிலையத்துக்கும் செக்யூரிட்டிக் கம்பெனிக்கும் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கும் நாள், நேரம் சொல்லிவிடுங்கள். அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. துப்பாக்கியைக் காட்டாமல் தோட்டாவைக் காட்டுங்கள். உண்மைத் தோட்டா ஒன்றுகூட லைசென்ஸ் இல்லாமல் கையில் இருக்கக் கூடாது. ஆனால் 10 மி.மீ. மரக்கம்பியை 30 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை உருட்டித் தேய்த்து, கீழே மூன்றில் இரண்டு பங்குக்குப் பித்தளை நிறமும் மேலே செம்பு நிறமும் பூசினால் 9 மி.மீ. தோட்டா தயார். மாடத்து அகல் விளக்குக்குப் பக்கத்தில் அது ஒன்று நிற்கட்டும். போதும்.

போலீஸ் உடை, பேட்ஜ் எதையும் செய்யாதீர்கள். துப்பறிபவர் சாதாரணச் சட்டையில் வரலாம், கையில் பழுப்பு நிற டாக்கெட் (போலீஸ் வழக்கு) ஃபைல் இருந்தால் எல்லோருக்கும் புரியும். அதில் எழுதும் சிஏஎஸ் என்ற வழக்கு எண்ணுக்கு முன்னால் இல்லாத ஒரு நிலையத்தின் பெயரை வையுங்கள். சம்பவ இடத்தைச் சுற்ற ஹார்டுவேர் கடையின் சிவப்பு வெள்ளை டேஞ்சர் டேப் போதும்.

பூஜை அறை வரும் காட்சி என்றால் விளக்கு, சொம்பு, தட்டு எல்லாம் தனியாக வாங்குங்கள். அந்த வீட்டார் தினம் ஏற்றும் விளக்கை இரவல் கேட்காதீர்கள். கேட்டால் கொடுத்துவிடுவார்கள், அதுதான் சங்கடம். புரட்டாசியிலோ காவடி நோன்பு நாட்களிலோ படப்பிடிப்பு விழுந்தால் யார் விரதம் என்று முதலில் விசாரியுங்கள். போலிக் காயத்துக்குப் பூசும் ஜெலட்டின் மாட்டிலோ பன்றியிலோ எடுப்பது. விரதக்காரருக்குக் கடல்பாசியில் செய்யலாம். அது வளையாது, அசைந்தால் ஓரம் விரியும். கன்னத்தில் ஒட்டாதீர்கள், நெற்றியிலும் முன்கையிலும் நிற்கும்.

ஒவ்வொரு ப்ராப்புக்கும் ஒரு ஜிப் பை. மேலே காட்சி எண். டேக் முடிந்தவுடன் அது கிடந்த நிலையிலேயே போனில் ஒரு படம். காட்சி வரிசைப்படி எடுப்பதில்லை என்பதால், ரத்தம் வலக்கையிலா இடக்கையிலா, மெழுகுவத்தி எவ்வளவு உயரம் என்பதெல்லாம் மூன்றாம் நாள் யாருக்கும் நினைவிருக்காது.

ஐஸ்கிரீம் டப்பா ஷாட்டுக்கு இன்னும் ஒரு குறிப்பு. டப்பா மூன்று வேண்டும், மூன்றும் ஒரே மாதிரி. முந்தின இரவே ஒவ்வொன்றிலும் பட்டாணி பரப்பி ஃப்ரீஸரில் வையுங்கள். மழுக்கிய இரும்புக் கத்தியையும் ஒரு ஸ்ப்ரே தண்ணீர் அடித்துத் தனியாக உறைய விடுங்கள், அலகில் வெள்ளையாகப் பனி பூக்கும். நுரைக் கத்தியை உள்ளே வைக்காதீர்கள், குளிரில் பூச்சு விண்டுவிடும். கேமரா, லைட், ஃபோகஸ் எல்லாம் காலி டப்பாவை வைத்துச் சரிபார்த்தபின் முதல் டப்பாவை வெளியே எடுத்து, கத்தியைப் பட்டாணிக்குள் பாதி புதைத்து மூடியைப் போடுங்கள். கோடைகாலச் சமையலறையில் அந்தப் பனி இரண்டு மூன்று நிமிடம்தான் தாங்கும். மங்கத் தொடங்கியதும் கத்தியை மறுபடி உறைய விட்டு, அதே போல் உறைந்து காத்திருக்கும் இரண்டாவது கத்தியை இரண்டாவது டப்பாவில் வைத்துத் தொடருங்கள்.